டர்ன்டேபிளும் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒத்துப்போக: சிங்கப்பூர் வீடுகளில் இசைத்தட்டு கேட்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டில் பத்திரப்படுத்திய பழைய தமிழ் இசைத்தட்டுகளை மறுபடியும் ஒலிக்கவிட விரும்புவோருக்கும், புதிதாகத் தட்டு வாங்கத் தொடங்கியவர்களுக்கும் எழும் ஐயங்களுக்கு இங்கே விடை தரப்படுகிறது. கருவிகள் ஒவ்வொன்றும் தனியே சிறந்தவையாக இருந்தும் சேர்த்து வைத்தபின் ஒலி சரியில்லை என்று வருந்துவோர் பலர். அவர்கள் வீட்டுக் கருவிகளில் பெரும்பாலும் பழுது இருப்பதில்லை. ஒரு கருவி மற்றொன்றைச் சந்திக்கும் இடத்தில்தான் பொருத்தம் தவறியிருக்கிறது.

மூன்றில் எதை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும்?

மூன்றுக்கும் முன்னால் அறையைப் பாருங்கள் என்பதே என் உறுதியான கருத்து. அறை எந்த அளவு ஸ்பீக்கரைத் தாங்கும் என்பது தெரிந்தால் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கலாம். ஸ்பீக்கரின் இயல்பு தெரிந்தால் அதை இயக்கும் ஆம்ப்ளிஃபயர் எது என்பது புலப்படும். ஆம்ப்ளிஃபயரில் டர்ன்டேபிளுக்கென உள்ள ஃபோனோ உள்ளீட்டைப் பார்த்து, ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் கார்ட்ரிட்ஜையும், கார்ட்ரிட்ஜைப் பார்த்து, அதைத் தட்டின் மேல் ஏந்தும் கையான டோன் ஆர்மையும் முடிவு செய்யலாம். கடையில் கண்ணைக் கவரும் டர்ன்டேபிளை முதலில் வாங்கிவிட்டு மற்றவற்றை அதன் பின்னால் ஓடவிடுவது வழக்கமாக இருக்கிறது. அப்படி வாங்கியவர்களே பின்னர் அதிகமாகச் செலவழிக்கிறார்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறைக்கு எவ்வளவு பெரிய ஸ்பீக்கர் போதும்?

ஐந்து முதல் ஆறரை அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலி தரும் கூம்பு) கொண்ட, தாங்கியின் மேல் வைக்கும் ஸ்பீக்கர் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். காரணத்தைக் கணக்கிட்டே காட்டலாம். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் செல்கிறது. இரு இணைச் சுவர்களுக்கு இடையிலான தூரத்தின் இருமடங்கால் அதை வகுத்தால், அந்தச் சுவர்களுக்கிடையே எந்த அலைவெண் தேங்கி நிற்கும் என்பது கிடைக்கும். அறையின் அகலம் மூன்றரை மீட்டர் என்றால் அது 50 ஹெர்ட்ஸ். கூரையின் உயரம் 2.6 மீட்டர் என்றால் 67 ஹெர்ட்ஸ். கான்கிரீட் சுவரும் தரையும் இந்தத் தாழ்ந்த ஒலிகளை வெளியே விடாமல் திருப்பியனுப்புவதால், பாஸ் கிட்டாரின் சில சுரங்கள் மட்டும் வீங்கி ஒலிக்கும். மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) தெளிவிழந்து கும்மென்று கேட்கும். பெரிய ஸ்பீக்கர் இந்தத் தேக்கத்தை மேலும் ஊட்டி வளர்க்குமே தவிர இசைக்கு ஆழம் சேர்க்காது.

பிரிட்டனின் பிபிசி 1970களில் தன் ஒலிபரப்பு வண்டிகளின் குறுகிய அறைகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சிறிய ஸ்பீக்கர் இன்றும் புதிதாகத் தயாரிக்கப்பட்டு விற்கப்படுகிறது. சிறிய அறையில் மனிதக் குரல் இயல்பாகக் கேட்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு செய்யப்பட்ட பெட்டி அது. நம்முடைய இசையில் குரலே முதன்மை. நம்முடைய அறைகளும் சிறியவை. எனவே அந்தச் சிந்தனை நமக்கும் பொருந்தும் என்று கருதுகிறேன்.

பெட்டியின் பின்புறத்தில் துளை உள்ள ஸ்பீக்கரானால் சுவரிலிருந்து குறைந்தது ஓர் அரை மீட்டர் தள்ளி வையுங்கள். இடமில்லை என்றால் துளையைப் பஞ்சால் அடைத்துக் கேட்டுப் பாருங்கள். பல தயாரிப்பாளர்கள் அதற்கான அடைப்பைப் பெட்டியுடனேயே தருகிறார்கள். வழுவழுப்பான தரையும் கண்ணாடிச் சன்னலும் மேல்சுரங்களைக் கூர்மையாகத் திருப்பியடிக்கும். ஸ்பீக்கருக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு கனமான தரைவிரிப்பு, சன்னலுக்குத் திரை, பின்சுவரில் ஒரு புத்தக அலமாரி ஆகியவை தரும் மாற்றத்தை ஆயிரம் வெள்ளி கூடுதலாகக் கொடுத்து வாங்கும் ஆம்ப்ளிஃபயர் தராது.

எத்தனை வாட் ஆம்ப்ளிஃபயர் தேவை?

பலர் நினைப்பதைவிட மிகக் குறைவு. ஸ்பீக்கரின் உணர்திறன் என்ற எண்ணை முதலில் பாருங்கள். 86 டெசிபல் என்று குறிக்கப்பட்ட 8 ஓம் ஸ்பீக்கர், ஒரு வாட் ஊட்டினால் ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் ஒலியைத் தரும். இரண்டரை மீட்டர் தள்ளி அமர்ந்தால் திறந்தவெளியில் சுமார் 8 டெசிபல் குறையும். ஆனால் இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்ந்து ஒலிப்பதாலும் சுவர்கள் திருப்பித் தருவதாலும் இழந்ததில் பெரும்பகுதி மீண்டு வந்துவிடும். ஆக ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 84 டெசிபல் உங்கள் காதுக்கு வந்து சேரும் என்று வைத்துக்கொள்ளலாம். நிறைவான ஒலியில் கேட்பவர்கூடச் சராசரியாக 75 டெசிபல் அளவில்தான் கேட்கிறார். அதற்கு அரை வாட்கூட வேண்டாம். தவில் முழக்கம் போன்ற உச்சங்கள் அதைவிட 20 டெசிபல் மேலே எழுந்தாலும் 13 வாட் அளவே தேவைப்படும். சற்றுக் கைவசம் இருக்கட்டும் என்று 30 முதல் 50 வாட் வரை உள்ள ஆம்ப்ளிஃபயரை வாங்கினால் மனநிறைவோடு கேட்கலாம்.

இங்கே நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்று உண்டு: 3 டெசிபல் கூடுவதற்கு மின்திறன் இருமடங்காக வேண்டும், காதுக்கு ஒலி இருமடங்கானதாகத் தோன்ற, அதாவது 10 டெசிபல் கூட, பத்து மடங்காக வேண்டும். அதனால் 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போவதால் கிடைக்கும் வேறுபாடு சிறிதே. மாறாக, 83 டெசிபல் ஸ்பீக்கரிலிருந்து 89 டெசிபல் ஸ்பீக்கருக்கு மாறினால் நான்கில் ஒரு பங்கு மின்திறனிலேயே அதே ஒலி கிடைத்துவிடும். 300பி என்ற வால்வு (வெற்றிடக் குழாய்) ஒன்றைக் கொண்டு 8 வாட் அளவே தரும் வால்வு ஆம்ப்ளிஃபயர்களை விரும்புவோர் 90 டெசிபலுக்கு மேற்பட்ட ஸ்பீக்கரையே நாட வேண்டும்.

வெப்பத்தையும் கணக்கில் சேருங்கள். கிளாஸ் ஏ வகை ஆம்ப்ளிஃபயர் பாட்டு ஒலிக்காதபோதும் முழு மின்சாரத்தை இழுத்து அதை வெப்பமாக வெளியேற்றும். அந்த வெப்பத்தை உங்கள் குளிர்சாதனம் மறுபடியும் மின்சாரம் செலவழித்து வெளியேற்ற வேண்டும். நம் ஊரில் இது சிறிய செய்தி அன்று.

4 ஓம், 8 ஓம் என்பதில் எவ்வளவு கவனம் வேண்டும்?

ஸ்பீக்கரின் பின்புறம் அச்சிட்டிருக்கும் ஓம் எண் ஒரு பெயரளவு எண். உண்மையான மின்தடை ஒவ்வோர் அலைவெண்ணிலும் மாறிக்கொண்டே இருக்கும். 8 ஓம் என்று சொல்லப்படும் ஸ்பீக்கர் சில இடங்களில் 6 ஓமுக்கு அருகில் இறங்கும். 4 ஓம் ஸ்பீக்கர் 3 ஓமை நெருங்கும். தடை பாதியானால் ஆம்ப்ளிஃபயர் இருமடங்கு மின்னோட்டம் தர வேண்டும். ஆகவே ஆம்ப்ளிஃபயரின் கையேட்டில் 4 ஓமுக்கான வாட் அளவு தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 8 ஓமில் 50 வாட்டும் 4 ஓமில் 80 வாட்டும் தரக்கூடியது என்றால் அதன் மின்வழங்கி வலுவானது என்று நம்பலாம். 4 ஓமைப் பற்றிக் கையேடு எதுவும் சொல்லவில்லையென்றால் 8 ஓம் ஸ்பீக்கரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வால்வு ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கரின் ஓமுக்கு உரிய முனையில் கம்பியை இணைக்க வேண்டும். ஸ்பீக்கரை இணைக்காமல் அதை ஒருபோதும் இயக்கக் கூடாது.

டர்ன்டேபிளை இணைத்தால் ஒலி மிகவும் மெலிந்து, பாஸ் இல்லாமல் கேட்கிறதே?

ஃபோனோ ப்ரீஆம்ப் இடையில் இல்லை என்பதே காரணம். இசைத்தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிகிறார்கள். இல்லாவிட்டால் பள்ளங்கள் அகன்று ஒரு பக்கத்தில் அடங்கும் நேரம் சுருங்கிவிடும். 1954இல் ஏற்கப்பட்ட, அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கத்தின் ஆர்ஐஏஏ வரையறையின்படி, ஒலிக்கும்போது 20 ஹெர்ட்ஸை ஏறக்குறைய 20 டெசிபல் உயர்த்தியும் 20,000 ஹெர்ட்ஸை ஏறக்குறைய 20 டெசிபல் தாழ்த்தியும் அதைச் சமன் செய்ய வேண்டும். ஃபோனோ ப்ரீஆம்ப் அந்தப் பணியையும், கார்ட்ரிட்ஜ் தரும் சில மில்லிவோல்ட்டை நூறு மடங்கு பெருக்கும் பணியையும் சேர்த்துச் செய்கிறது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. இப்போதைய டர்ன்டேபிள்கள் பலவற்றில் ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது. அதை இயக்கிய நிலையில் ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோ உள்ளீட்டில் இணைத்தால் இருமுறை பெருக்கப்பட்டு ஒலி கரகரக்கும். டர்ன்டேபிளின் பின்புறத்துச் சிறிய சுவிட்ச் ‘ஃபோனோ’ என்ற பக்கம் இருந்தால் கம்பி ஃபோனோ உள்ளீட்டுக்குச் செல்ல வேண்டும். ‘லைன்’ என்ற பக்கம் இருந்தால் மற்ற உள்ளீடுகளில் ஒன்றுக்குச் செல்ல வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் சிடியைவிடத் தட்டின் ஒலி சற்றுத் தணிந்திருப்பது இயல்பே. சிடி இயந்திரம் 2 வோல்ட் வரை தருகிறது, பெருக்கிய பின்னும் தட்டு அதில் கால்பங்குக்கும் குறைவாகவே தருகிறது.

எம்எம் கார்ட்ரிட்ஜா, எம்சி கார்ட்ரிட்ஜா?

எம்எம் வகையில் ஊசியோடு காந்தம் அசைகிறது, எம்சி வகையில் கம்பிச்சுருள் அசைகிறது. தொடங்குவோருக்கு எம்எம் போதும் என்று தயங்காமல் சொல்வேன். அது 3 முதல் 6 மில்லிவோல்ட் தருகிறது. ஏறத்தாழ எல்லா ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோ உள்ளீடும் அதற்குரிய 47 கிலோ ஓம் சுமையோடுதான் வருகிறது. ஊசி தேய்ந்தால் ஊசியை மட்டும் கழற்றி மாற்றலாம். எம்சி வகையில் பெரும்பாலானவை அரை மில்லிவோல்ட்டைத் தாண்டாது. பல பத்தாண்டுகளாகத் தயாரிப்பில் இருக்கும் டெனான் டிஎல்-103 கூட 0.3 மில்லிவோல்ட்தான் தருகிறது. அதை ஆயிரம் மடங்கு, அதாவது 60 டெசிபல் பெருக்க வேண்டும். அந்த அளவு பெருக்கியும் இரைச்சல் எழுப்பாத ப்ரீஆம்ப்புக்குத் தனியே பணம் வைத்திருந்தால் மட்டுமே எம்சி பக்கம் செல்லுங்கள்.

எம்எம் வகையில் பலர் கவனிக்காத ஒன்று மின்தேக்கம், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் தன்மை; பிக்கோஃபேரட் அதன் அலகு. டோன் ஆர்மிலிருந்து வரும் கம்பிக்கும் ப்ரீஆம்ப்புக்கும் சிறிது மின்தேக்கம் உண்டு. இரண்டும் சேர்ந்து கார்ட்ரிட்ஜின் மேல்சுரங்களை மாற்றிவிடும். ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95 வரிசைக்கு 100 முதல் 200 பிக்கோஃபேரட் என்றும், ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 150 முதல் 300 என்றும் தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள். கம்பி 150, ப்ரீஆம்ப் 220 என்று இருந்தால் கூட்டுத்தொகை 370. விஎம்95க்கு அது மிகை. அந்நிலையில் பாடகியின் ‘ஸ’வும் ‘ஷ’வும் சீறிக்கொண்டு வரும். கார்ட்ரிட்ஜைக் குறை சொல்லி மாற்றுவதற்கு முன் கம்பியை நீளம் குறைந்ததாக மாற்றிப் பாருங்கள்.

எந்த டோன் ஆர்மிலும் எந்த கார்ட்ரிட்ஜையும் பொருத்தலாமா?

திருகாணித் துளைகள் பொருந்துவதால் அப்படித் தோன்றும். ஊசியைத் தாங்கும் தண்டு ஒரு நெகிழ்வான இரப்பர்ப் பிடிப்பில் இருக்கிறது. டோன் ஆர்மின் நிறை அந்த நெகிழ்வின் மேல் அசையும்போது இரண்டுக்கும் பொதுவாக ஓர் அலைவெண்ணில் அதிர்வு கூடும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருந்தால் நல்லது. கீழே போனால் வளைந்த தட்டுகளில் ஊசி தத்தளிக்கும், மேலே போனால் இசையின் தாழ்சுரங்களில் கலக்கும். கணக்கு எளிது: மொத்த நிறையைக் கிராமிலும் நெகிழ்வைத் தயாரிப்பாளர் தரும் எண்ணிலும் எடுத்துப் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, 159ஐ அதனால் வகுக்க வேண்டும். டோன் ஆர்மின் பயனுறு நிறை (ஊசி உண்மையில் அசைக்க வேண்டிய நிறை) 12 கிராம், 2எம் ரெட்டின் எடை 7.2 கிராம், திருகாணிகள் ஒரு கிராம் எனச் சுமார் 20. அதன் நெகிழ்வும் 20. பெருக்கினால் 400, வர்க்கமூலம் 20, வகுத்தால் ஏறக்குறைய 8 ஹெர்ட்ஸ். விளிம்பில் இருந்தாலும் ஏற்கத்தக்கது. இதையே 20 கிராம் நிறையுள்ள பழைய கனமான ஆர்மில் பொருத்தினால் 7 ஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கிவிடும். அத்தகைய ஆர்முக்கு டிஎல்-103 போன்ற விறைப்பான கார்ட்ரிட்ஜே இணை.

பொருந்தாத இணையில் வூஃபரின் கூம்பு ஒலியே இல்லாமல் முன்னும் பின்னும் அலைவதைக் கண்ணாலேயே காணலாம். துளையுள்ள பெட்டிகளில் இது இன்னும் மோசமாகும். ப்ரீஆம்ப்பில் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வடிகட்டும் பொத்தான் இருந்தால் அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம்.

ஜப்பானிலிருந்து பழைய டர்ன்டேபிள் தருவிக்கலாமா?

தருவிக்கலாம், ஆனால் மின்னழுத்தத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஜப்பானில் 100 வோல்ட், சிங்கப்பூரில் 230 வோல்ட். இந்த வேறுபாட்டை ஒரு மின்மாற்றி சரிசெய்யும். அலைவெண்ணை எந்த மின்மாற்றியும் மாற்றாது. நம்முடையது 50 ஹெர்ட்ஸ். ஜப்பானின் கிழக்குப் பகுதியில் 50, ஓசாகா உள்ளிட்ட மேற்குப் பகுதியில் 60. அலைவெண்ணைப் பின்பற்றிச் சுழலும் பெல்ட் வகை மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்கு அமைக்கப்பட்டிருந்தால், இங்கே நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதிலாக 27.8 சுற்றே சுற்றும். ஐந்து கட்டைச் சுருதியில் பாடியது ஏறக்குறைய மூன்று கட்டைக்கு இறங்கிவிடும். 50 ஹெர்ட்ஸுக்குரிய கப்பி (மோட்டாரில் பெல்ட் சுற்றும் சிறு சக்கரம்) கிடைக்குமா என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். அமெரிக்காவிலிருந்து வருபவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 போன்ற, குவார்ட்ஸ் படிகத்தால் வேகம் கட்டுப்படுத்தப்படும், பெல்ட் இல்லாத நேரடி இயக்கக் கருவிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றுக்கு மின்மாற்றி மட்டும் போதும்.

பழைய தமிழ்த் தட்டுகளுக்குத் தனிக் கவனம் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும், இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான். நம் வீடுகளில் இருப்பவை மூன்று வகை: 78 சுற்றுத் தட்டுகள், 45 சுற்று ஈபிக்கள், 33⅓ சுற்று எல்பிக்கள். அரக்கு கலந்த 78 தட்டின் பள்ளம் மிக அகலமானது. அதற்குச் சுமார் 70 மைக்ரான் முனையுள்ள தனி ஊசி வேண்டும். எல்பிக்கான 18 மைக்ரான் ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் கிடந்து குப்பையை மட்டும் வாசிக்கும். 78 தட்டுகளை ஆல்கஹால் கலந்த நீரால் ஒருபோதும் துடைக்காதீர்கள். ஆல்கஹாலில் அரக்கு கரைந்துவிடும்.

இந்தியாவில் அச்சான தமிழ்த் திரையிசைத் தட்டுகளில் பழையவை பெரும்பாலும் மோனோ. மோனோ பள்ளத்தில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டும் பதிந்திருக்கும். தூசியும் தேய்மானமும் தரும் இரைச்சலோ மேலும் கீழுமான அசைவிலும் இருக்கும். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் இரண்டையும் படிக்கிறது. ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்தினால் இரு பக்கமும் ஒன்றாகச் சேர்ந்து, மேல்கீழ் அசைவு தந்த இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். குரல் அப்படியே நிற்கும். ஐம்பதுகளின் தட்டு ஒன்றில் இதைச் செய்து கேட்டவர் பின்னர் மோனோ பொத்தான் இல்லாத ஆம்ப்ளிஃபயரை வாங்க மாட்டார். புதிய ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் இது நீக்கப்பட்டுவிட்டது வருத்தத்துக்குரியது. எனவே தமிழ்த் தட்டுகளே உங்கள் சேகரிப்பில் முதன்மை என்றால், இந்தப் பொத்தான் உள்ள ப்ரீஆம்ப்பையோ பழைய ஆம்ப்ளிஃபயரையோ தேடிப்பிடிப்பது, விலையுயர்ந்த கார்ட்ரிட்ஜ் வாங்குவதைவிட அதிகப் பயன் தரும். எண்பதுகளில் எக்கோ நிறுவனம் வெளியிட்ட தட்டுகள் போன்ற ஸ்டீரியோப் பதிவுகளுக்கு முனை நீள்வட்டமாகத் தீட்டப்பட்ட நல்ல ஊசி தன் தகுதியைக் காட்டும்.

டர்ன்டேபிளை எங்கே வைப்பது?

ஸ்பீக்கர் நிற்கும் அதே தொலைக்காட்சி மேசையில் வைக்காதீர்கள். ஸ்பீக்கரின் அதிர்வு மேசை வழியாக ஊசிக்கு ஏறி, மீண்டும் பெருகி, ஊளையிடும் ஒலியாக மாறும். ஓடாமல் நிற்கும் தட்டின் மேல் ஊசியை இறக்கி, வழக்கமான அளவுக்கு ஒலியைக் கூட்டி, மேசையை விரலால் மெல்லத் தட்டுங்கள்; ஸ்பீக்கரில் தட்டல் உரக்கக் கேட்டால் இடம் சரியில்லை. அடுக்குமாடி வீட்டின் கான்கிரீட் தரை நடக்கும்போது அதிர்வதில்லை என்பது மரத்தரை வீட்டாருக்கு வாய்க்காத நன்மை.

ம்ம்ம் என்ற இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

டர்ன்டேபிளின் மெல்லிய தரைக்கம்பி ஆம்ப்ளிஃபயரின் திருகில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதற்கும் நிற்காவிட்டால் மின்மாற்றி உள்ள கருவிகளை டர்ன்டேபிளிலிருந்து தள்ளி வையுங்கள். மூன்று முனைச் செருகியின் நிலமுனையைத் துண்டித்து இரைச்சலை நிறுத்தும் வழியை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது உயிருக்கு ஆபத்து.

ஸ்பீக்கர் கம்பிக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். ஐந்து மீட்டர் போய்வரும் தடை 0.07 ஓம்தான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே அன்று. மீந்த பணத்தில் தட்டு வாங்குங்கள்.

நம் ஊர் ஈரப்பதம் கருவிகளைக் கெடுக்குமா?

கெடுக்கும். பழைய ஸ்பீக்கர்களில் கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையம் ஈர வெப்பத்தில் விரைவாக உதிர்கிறது; இரப்பர் வளையம் நீண்ட நாள் தாங்கும். பழையதை வாங்கும்போது முன்துணியைக் கழற்றி வளையத்தை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். டர்ன்டேபிளின் பெல்ட் தளரும், இணைப்பு முனைகளில் களிம்பு பிடிக்கும், உறைகளில் பூஞ்சை படரும். காற்றோட்டம் குறைந்த வீட்டுப் பாதுகாப்பறையில் தட்டுகளை அடுக்கி மறந்துவிடுவது நல்லதன்று. வசிக்கும் அறையில், வெயில் படாமல், செங்குத்தாக நிறுத்தி வையுங்கள்.

எங்கே கேட்டுப் பார்த்து வாங்குவது, பணத்தை எப்படிப் பிரிப்பது?

கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள அடெல்ஃபி கட்டடத்தில் ஹை-ஃபை கடைகள் பல ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. உங்களுக்கு நன்கு பழக்கமான தட்டு ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; கடைக்காரர் போடும் காட்சிப் பதிவைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017இல் மூடப்பட்ட பின் பழைய கருவிகளைத் தேடுவோர் பெரும்பாலும் இணையத்தில் நேரடியாக விற்பவர்களிடம் வாங்குகிறார்கள். அப்படி வாங்கும்போது விற்பவர் வீட்டிலேயே ஒரு பக்கம் முழுவதும் ஒலிக்கவிட்டுக் கேளுங்கள்.

மொத்தப் பணத்தில் ஏறக்குறைய பாதியை ஸ்பீக்கருக்கும் தாங்கிக்கும் ஒதுக்கி, மீதியை ஆம்ப்ளிஃபயருக்கும் டர்ன்டேபிளுக்கும் பகிர்வது என் பரிந்துரை. ஆனால் ஊசிக்கென ஒரு தொகையைத் தனியே எடுத்து வையுங்கள். முனையின் வடிவத்தைப் பொறுத்து, ஆடியோ-டெக்னிகா தன் கூம்பு ஊசிக்கு 500 மணி நேரமும் நீள்வட்ட ஊசிக்கு 300 மணி நேரமும் மைக்ரோலீனியர் ஊசிக்கு 1000 மணி நேரமும் ஆயுள் சொல்கிறது. நாள்தோறும் ஓர் எல்பி கேட்பவருக்கு நீள்வட்ட ஊசி ஓராண்டைச் சற்றே தாண்டி வரும். தேய்ந்த ஊசி பள்ளத்தின் சுவரைச் செதுக்கும். ஊசியைக் கடையில் வாங்கிவிடலாம், மறுபதிப்புக் காணாத தட்டை வாங்க முடியாது. பழைய டர்ன்டேபிளோடு வரும் ஊசி எத்தனை மணி நேரம் ஓடியது என்பது விற்பவருக்கே தெரியாது. ஆதலால் அதைக் கொண்டு உங்கள் தட்டு எதையும் ஒலிக்கவிடாமல் முதல் நாளே மாற்றிவிடுங்கள்.